வேண்டாத பொருளை ஈதல் கொடையாமோ?

விழுப்புரத்தினின்று திருவண்ணாமலை நோக்கிச் செல்லும் சாலையில் கெடார் என்னும் ஊர் உளது. அவ்வூரிலிருந்து நம் இதழைப் படித்துவரும் அன்பரொருவர் எமக்கொரு கடிதம் விடுத்துள்ளார். அதன்கண் உள்ள வினா பார்வைக்குச் சிறிதாயினும், ஆராயப்புகின் சைவ சித்தாந்தத்தின் அடிப்படைக் கொள்கைகள் சிலவற்றைத் தொட்டுச் செல்வதாகலின், அவர்க்குத் தனித்து விடையிறுத்தலோடு அமையாது அன்பரெல்லாருங் காண ஈண்டு எழுதத் துணிந்தாம்.

கடிதத்தின் சாரம் இது. அன்பருடைய தந்தையார் எண்பது வயது கடந்தவர். இளமைதொட்டுக் கிராமபோன் இசைத்தட்டுகளை விரும்பி வாங்கிச் சேர்த்தவர். தம் தந்தையார் விட்டுச்சென்ற தட்டுகளையும் காத்து வந்தவர். எல்லாம் இருநூற்றின் மேல் உள்ளன. பாதி பழைய அரக்குத் தட்டுகள். மற்றவை பிற்காலத்து நீள்தட்டுகள். தேவாரமும் திருவாசகமும் அவற்றுள் உள, நாகசுரம் உளது, நாடகப் பாட்டும் திரைப்பாட்டும் அவற்றினும் மிகுதியாக உள. ஆறு ஆண்டுகளுக்கு முன் பெரியவர்க்குச் செவிப்புலன் முற்றும் அற்றது. அன்றுமுதல் பெட்டி திறக்கப்படவில்லை. இப்போது பழைய வீட்டை இடித்துக் கட்டப்போகின்றனர். பழம்பொருள் வாங்க வந்தவர் பித்தளைக் குழல் இருந்தால் எடுத்துக்கொள்வதாகவும் தட்டுகள் தமக்கு வேண்டா என்றும் சொல்லிப் போயினர்.

“கோயிலுக்கோ நூலகத்துக்கோ கொடுத்துவிட்டால் பொருளும் வீணாகாது, நமக்கும் புண்ணியமாகும்” என்பது அன்பரது எண்ணம். “நமக்கு வேண்டாததைச் சாமிக்குக் கொடுப்பதா?” என்று அவர் மனைவியார் தடுத்தனர். பின்னர்ப் பெரியவரிடம் பலகையில் எழுதிக் காட்டிக் கேட்டபோது அவர் சொன்ன விடை, “எனக்குக் கேட்கவில்லை என்றால், அது பாடவில்லை என்று ஆகிவிடுமா?” என்பது. அதற்குமேல் அவர் ஒன்றும் பேசவில்லையாம். இம்மூவருள் யார் சொன்னது முறை என்று அன்பர் வினவுகின்றார்.

விடை கூறுமுன் பொருளின் இயல்பை அறிதல் வேண்டும். இக்காலத்து இளைஞர் பலர் இசைத்தட்டைக் கண்டதேயில்லை. இந்நாட்டில் முதன்முதல் தட்டுக்கென ஒலிப்பதிவு நிகழ்ந்தது 1902-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில், கல்கத்தாவில். இங்கிலாந்திலிருந்து வந்த கெய்ஸ்பர்க் என்பார் அதனைச் செய்தனர். பாடியவருள் கௌஹர் ஜான் என்னும் அம்மையார் பெயர் இன்றும் பேசப்படுகின்றது. 1908-இல் அந்நகரத்துச் சியால்டாவிலேயே தட்டு வார்க்கும் ஆலை எழுந்தது. நிமிடத்துக்கு எழுபத்தெட்டு முறை சுழலும் அத்தட்டின் ஒரு பக்கத்தில் ஏறக்குறைய மூன்று நிமிடப் பாட்டே அடங்கும். விரிவாகப் பாடவல்ல வித்துவான்களும் அம்மூன்று நிமிடத்துக்குள் தம் கலையை வடித்துத் தரவேண்டியதாயிற்று. நம் நாட்டு மரங்களில் வாழும் சிறு பூச்சிகள் கசியவிடும் அரக்கோடு கல்மாவும் கரியும் கூட்டிச் செய்தது அத்தட்டு. கைதவறி விழுந்தால் ஓடுபோல் உடையும். 1948-இல் அமெரிக்காவில் வினைல் என்னும் செயற்கைப் பொருளால் ஆகிய நீள்தட்டு வந்தது. ஒரு பக்கம் இருபது நிமிடத்துக்கு மேல் பாடவல்லது. பின்னர் ஒலிநாடா வந்து இவ்விரண்டையும் பரணுக்கு ஏற்றிவிட்டது.

ஓதுவார் இல்லாத ஊர்களுக்குப் பண்ணோடு கூடிய தேவாரம் முதன்முதல் சென்றது இத்தட்டின் வழியாகவே என்பதை நாம் மறந்துவிட்டோம். 1942-ஆம் ஆண்டு ‘நந்தனார்’ படத்தில் நடித்த தண்டபாணி தேசிகர், அதே கதையில் 1935-இல் நந்தனாராகவே நடித்த கே. பி. சுந்தராம்பாள் ஆகியோரின் குரலைக் கோயில் வாயிலிலன்றித் தேநீர்க்கடை வாயிலில் நின்று கேட்டோர் தொகை பெரிது. அக்காலத்துச் சைவப் பெரியார் சிலர் இதனை இழிவெனக் கருதினர். யாம் அங்ஙனம் கருதுவதற்கில்லை.

இனி வினாவுக்கு வருவாம். அன்பருடைய மனைவியார் கூறிய தடை எளிதில் தள்ளற்பாலதன்று. அதற்கு மறைநூற் சான்றே உண்டு. கடோபநிடதத்தின் தொடக்கத்தில் வாசசிரவசு என்பார் வேள்வி செய்து தம் உடைமையெல்லாம் தானமாக வழங்குகின்றார். வழங்கியவையோ இனிப் புல் தின்னவும் நீர் பருகவும் பால் சுரக்கவும் வலியற்ற கிழப்பசுக்கள். அதனைக் கண்ட மகன் நசிகேதன் உள்ளம் நொந்து, ‘என்னை யாருக்குக் கொடுப்பீர்?’ என்று மீளமீளக் கேட்கின்றான். தந்தை வெகுண்டு, ‘யமனுக்குக் கொடுத்தேன்’ என்கின்றார். உபநிடதம் முழுவதும் அவ்வொரு பொய்க்கொடையினின்றே கிளைக்கின்றது. தமக்கு உதவாததைப் பிறர் தலையில் ஏற்றிவிட்டு அதற்குப் புண்ணியமும் கோரும் வழக்கம் அத்துணைப் பழையது என்பதும், அதனை முதலிற் கண்டுபிடிப்பவர் வீட்டிலுள்ள இளையோரே என்பதும் இதனால் விளங்கும்.

அற்றேல், கொடுப்பவனுக்கு எவ்வளவு இழப்போ அவ்வளவே கொடை எனக் கொள்ளலாமோ எனின், அதுவும் பொருந்தாது. இயற்பகை நாயனார், சிறுத்தொண்டர் முதலியோர் வரலாற்றைப் படிப்போர் பலர் இழப்பின் பெருமையையே கண்டு வியந்து நின்றுவிடுகின்றனர். இழப்பே அளவாயின், விலையுயர்ந்த பொருளைக் கடலில் எறிபவனும் கொடையாளி ஆதல் வேண்டும். கண்ணப்ப நாயனார் செய்ததைக் காண்க. வேட்டையாடிய ஊனில் அவர்க்குப் பஞ்சமில்லை. காடு முழுதும் அவர்க்கு உணவே. ஆகவே அவர் ஊனைக் கொடுத்ததில் இழப்பு ஒன்றும் பெரிதில்லை. அவர் செய்த பெருஞ்செயல் யாதெனின், ஒவ்வொரு துண்டையும் தீயிற் பதமாகக் காய்ச்சி, வாயிலிட்டுச் சுவைத்துப் பார்த்து, இனியது எது, இன்னாதது எது எனத் தெரிந்து, இனியதை மட்டும் தேக்கிலையிற் கொண்டு சென்றமையே. ஆகம வழி நின்ற சிவகோசரியார்க்கு அருவருப்பாகத் தோன்றிய அச்செயலே இறைவனுக்கு உவப்பாயிற்று. பெறுவோனுக்கு இது தகுமா என்று தன் நாவால் அறிந்தன்றிக் கொடுக்க அவர்க்கு மனம் வரவில்லை என்க.

இசைத்தட்டுக்கும் இது பொருந்தும். பரணிலிருந்து இறக்கிய மூட்டையை அவிழ்க்காமலே ஒரு வண்டியில் ஏற்றி ஒரு நிலையத்தின் வாயிலில் இறக்கிவிட்டு வருதல் தள்ளுதலே, ஈதலன்று. அதே மூட்டையை அவிழ்த்து, ஒவ்வொரு தட்டையும் துடைத்து, எது பாடும், எது கீறியது, எது விரிசலுற்றது என்று அறிந்து, யாருக்கு எது பயன்படும் என்று தேடிக் கொடுப்பின், அப்பொருள் தனக்கு வேண்டாததாயினும் அச்செயல் கொடையேயாம். முன்னதில் கொடுப்போன் தன் வீட்டிலுள்ள இடத்தை நினைக்கின்றான். பின்னதில் பெறுவோனை நினைக்கின்றான். கொடுக்கப்படும் பொருள் இரண்டிலும் ஒன்றே.

ஆகவே அம்மையார் கூறியதில் பாதி உண்மை. கோயிலுக்குக் கொடுத்தலாகாது என்றது சரி. அதற்குக் காரணம் பொருள் வேண்டாதது என்பதன்று, கோயிலில் அதனைக் காக்கவோ கேட்கவோ வழியில்லை என்பதே. ஈரமும் எண்ணெய்ப் புகையும் உள்ள ஓர் அறையில், உடைந்த வாகனங்களோடும் பழைய திரைச்சீலைகளோடும் அத்தட்டுகள் கிடக்கும். ஓராண்டு கழித்துக் கோயிலாரே பழம்பொருள்காரரை அழைப்பர். அவரும் வேண்டா என்பர். ஊர்ப்புற நூலகத்துக்கும் இதுவே நிலை. தட்டைப் பாடவைக்கும் பொறி இல்லாத இடத்துக்குத் தட்டைத் தருவது சுமையைத் தருவதாகும். தந்தவரோ நன்றியையும் எதிர்பார்ப்பர். கோயில் விளக்குக் குழலின்மேல் உபயதாரர் பெயரைப் பெரிதாக எழுதிவைத்து ஒளியை மறைக்கும் நம்மவர் வழக்கத்தை அன்பர்கள் அறிவர். தட்டுப் பெட்டியின்மேலும் பெயர் எழுதச் சொல்வார் உளர்.

இனிப் பெரியவர் சொன்னதை ஆராய்வாம். எம் கருத்தில் இம்மூவர் கூற்றுள் சித்தாந்தத்துக்கு அணுக்கமானது அதுவே. அவர் கற்றுச் சொன்னாரோ, மனம் நொந்து சொன்னாரோ, அறியோம்.

இல்லது தோன்றாது, உள்ளது அழியாது என்னும் சற்காரிய வாதம் நம் சமயத்துக்கு அடித்தளம். வித்தில் மரம் காணப்படாதாயினும் இல்லாததன்று. காரண நிலையில் அடங்கி நிற்கின்றது. தட்டைக் கையில் எடுத்துப் பார்ப்பின் கரிய வரிகளையன்றி வேறொன்றுங் காணோம். வெய்யிலில் சாய்த்துப் பிடிப்பின் வரிகள் மின்னும், அவ்வளவே. ஆயினும் தோடியும் காம்போதியும் ஆண்டே உள. முள்ளும், சுழற்சியும், ஒலியைப் பெருக்கும் குழலும் ஆகிய துணைக்காரணங்கள் கூடியபோது வெளிப்படுகின்றன, நீங்கியபோது ஒடுங்குகின்றன. முள் பாட்டை உண்டாக்கவில்லை, உள்ளதை விளக்கியது. ஆணி போன்ற இச்சிறு பொருளைக் கொண்டு நம் ஆசிரியர்கள் மாணவர்க்குச் சற்காரியத்தை எளிதிற் புகட்டியிருக்கலாம். குடமும் மண்ணும் போதும் என்று விட்டுவிட்டனர்.

மற்றொன்று. வாக்கு நான்கு வகை என்று நம் நூல்கள் கூறும்: சூக்குமை, பைசந்தி, மத்திமை, வைகரி. செவிக்குப் புலனாவது வைகரி ஒன்றே. மத்திமையோ பிறர் செவிக்கு எட்டாது உள்ளத்துள்ளே எழுத்தும் சொல்லும் முறைப்பட நின்று ஒலிப்பது. செவியிழந்த பெரியவர்க்கு வைகரி அற்றது. அறுபது ஆண்டுகள் கேட்ட பாட்டு மத்திமையாய் உள்ளே ஒலிப்பதை யார் தடுக்கவல்லார்? செவி ஆன்மாவன்று, ஆன்மாவுக்கு வாய்த்த ஒரு கருவி. கருவி பழுதுற்றமையால் அறிவோன் இல்லையாகான். அறியப்படும் பொருளும் இல்லையாகாது. ‘அது பாடவில்லை என்று ஆகிவிடுமா’ என்ற கேள்வியின் உட்பொருள் இதுவே.

இதனினின்று ஓர் உண்மை போதரும். ‘வேண்டாதது’ என்பது பொருளின் குணமன்று. செம்மை செந்தாமரையின் குணமாதல் போல வேண்டாமை தட்டின் குணமாகாது. அது வேண்டாதவனுடைய நிலையைக் குறிப்பது. எனவே ‘வேண்டாத பொருள்’ என்று சொல்லுமுன் ‘யாருக்கு?’ என்று கேட்டல் கடன். அன்பருடைய கடிதத்தில் அவ்வினா எழவேயில்லை. தட்டுகள் வேண்டாதவை எனத் தீர்த்தவர் மகனார், உடையவரோ தந்தையார், அவர் உயிரோடிருக்கின்றார். ‘கேளாச் செவியினர்க்கு இவை எதற்கு’ என்று மகனார் கருதியது அன்பின் குறைவாலன்று, ஆராயாமையால் என்றே கொள்ளுகின்றோம்.

‘உடையவர்’ என்ற சொல்லையும் சிறிது நோக்குவாம். தட்டை விலைகொடுத்து வாங்கியவர் தட்டுக்கு உடையவர். அதிலுள்ள பாட்டுக்கு உடையவரல்லர். அரசினர் சட்டமும் அதனையே சொல்கின்றது. இந்நாட்டில் ஒலிப்பதிவின் உரிமை, அது வெளிவந்ததற்கு அடுத்த ஆண்டின் தொடக்கத்திலிருந்து அறுபது ஆண்டுகள், பதிவுசெய்தவரிடம் நிற்கும். அதன்பின் அப்பதிவு பொதுவாகும். பாட்டை இயற்றியவர் உரிமை வேறு கணக்கு. இங்ஙனம் ஒரு கரிய தட்டின்மேல் உடைமை மூன்று நான்காகப் பிரிந்து கிடப்ப, ‘எல்லாம் எனது’ என்று கைவைத்துச் சொல்ல இடமெங்கே? தனு கரண புவன போகம் நான்கும் மாயையினின்று இறைவன் உயிர்க்குக் கூட்டித் தந்தவை என்பதும், அவற்றை எனது எனக் கொள்வது மலத்தின் செயல் என்பதும் நாம் நாள்தோறும் ஓதுவன. ஓதுகின்ற நாமே பரணிலுள்ள பெட்டியைக் குறித்து அதனை மறந்துவிடுகின்றோம். எனதல்லாததைக் கொடுப்பதில் பெருமையும் இல்லை. எனக்கு இழப்பில்லையே என்று நாணவும் வேண்டா. காப்பாளனாயிருந்தவன் தன் காவல் முடியுமுன் அடுத்த காப்பாளனைத் தேடி ஒப்புவிப்பதே ஈண்டுள்ள கடமை.

தேடாது விட்டால் விளைவது யாதென்பதற்கு நம் சமய வரலாறே சான்று. மூவர் பாடிய திருப்பதிக ஏடுகள் தில்லையில் ஓர் அறையில் காப்பிடப்பட்டுக் கிடந்தன. பூட்டிவைத்தோர் அவற்றை இகழ்ந்து வைத்தாரல்லர், போற்றியே வைத்தனர். நம்பியாண்டார் நம்பியும் மன்னனும் சென்று திறப்பித்தபோது செல்லரித்தவை போக எஞ்சியவற்றையே பெற்றனர் எனத் திருமுறை கண்ட புராணம் கூறுகின்றது. ஏடு கிடைத்தும் பண் கிடைக்கவில்லை. எருக்கத்தம்புலியூரில் திருநீலகண்ட யாழ்ப்பாணர் மரபில் வந்த ஒரு பெண்மணியின் வாய்வழியாகவே பண்ணடைவு மீண்டது. ஏட்டில் சொல்லைக் காக்கலாம், இசையைக் காக்க இயலாது என்பதற்கு இதனினும் பெரிய சான்று வேண்டா. அன்று ஓர் இசைத்தட்டு இருந்திருந்தால் என்று எண்ணும்போது எமக்கு மயிர் கூச்செறிகின்றது.

மரியாதையோடு அழித்த கதையும் உண்டு. உ. வே. சாமிநாதையர் கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலுக்கு ஏடு தேடிச் சென்றபோது, பழைய ஏடுகளையெல்லாம் ஆகம முறைப்படி என்று சொல்லி நெய்யில் தோய்த்துத் தீயிலிட்டுவிட்டதாகக் கோயிலார் சொல்லக் கேட்டு நெஞ்சு பதைத்ததை எழுதியுள்ளார். அவர்கள் குப்பையில் எறிந்திருந்தால் ஒருவேளை யாரேனும் பொறுக்கியிருப்பர்.

பிற நாட்டிலும் இது நிகழ்ந்தது. 1942-ஆம் ஆண்டு போரின் காரணமாக இந்திய அரக்கு கிடைப்பது அருகவே, அமெரிக்காவில் வீடுவீடாகச் சென்று பழைய இசைத்தட்டுகளைத் தானமாகத் திரட்டினர். அவற்றை அரக்குக்காக விற்று, வந்த பணத்தில் புதிய தட்டுகள் வாங்கிப் படைவீரர்க்கு அனுப்பினர். கொடுத்தோர் நெஞ்சில் களங்கமில்லை; நாட்டுப்பற்றால் கொடுத்தனர். ஆயினும் எத்தனை குரல்கள் அங்ஙனம் அரைபட்டுப் போயின என்று எண்ணுவார் யார்? நல்லெண்ணம் ஒன்றே கொடைக்குப் போதும் என்போர் இதனை நினைவிற் கொள்க.

தேடி ஒப்புவித்ததால் வாழ்ந்தவையும் உள. கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார் விளம்பரப் பலகை எழுதும் ஓவியர். பழைய தாள் வாங்குவோரிடமிருந்தும் நூல்களை மீட்டுத் தம் வீடு நிறையச் சேர்த்தவர். அவர் 1992-இல் மறைந்தபின் அத்தொகுதியைச் சிக்காகோ பல்கலைக்கழகத்தார் பெற்று, நாட்டைவிட்டுக் கொண்டுபோகாது சென்னையிலேயே 1994-இல் நூலகமாக நிறுவினர். இசைத்தட்டுக்கென்றே 1990-இல் பம்பாயில் இந்திய இசைத்தட்டுச் சேகரிப்போர் கழகம் தோன்றியது. ஓடியன் என்னும் செருமானியக் குழுவினர் 1912 முதல் 1916 வரையிலும், பின்னர் 1932 முதல் 1938 வரையிலும் இந்நாட்டில் வெளியிட்ட அரக்குத் தட்டுகளைப் பல தனியார் வீடுகளிலிருந்து தேடி, பிரிட்டிஷ் நூலகத்தின் பொருளுதவியோடு எண்முறை ஒலிக்கோப்பாக்கினர் அக்கழகத்தார். திருவாவடுதுறை இராசரத்தினம் பிள்ளையின் தோடியைத் தமிழர்க்கு வீடுதோறும் அறிமுகப்படுத்தியது அவ்வோடியன் தட்டே என்பதை நாகசுர அன்பர் அறிவர். அமெரிக்காவில் பாஸ்டன் பொது நூலகம், தான் வைத்திருந்தும் பொதுமக்கள் கேட்க இயலாது கிடந்த பெருந்தொகைத் தட்டுகளை, 2017-இல் இணைய ஆவணக் காப்பகத்தாரிடம் ஒப்புவித்தது. நூலகமே தன்னால் இயலாது என்றுணர்ந்து, இயல்வாரிடம் கொடுத்தமை கருதத்தக்கது.

ஆகலின் அன்பர் செய்யத்தக்கது யாதெனின், முதற்கண் வண்டியைத் தேடாது ஒரு குறிப்பேட்டைத் தேடுக. தட்டின் நடுவிலுள்ள காகிதச் சீட்டில் பாடியவர் பெயரும், குழுவின் பெயரும், ஓர் எண்ணும் இருக்கும். அவ்வெண்ணை விடாது எழுதுக. ஆராய்வோர்க்குப் பெயரினும் எண்ணே பயன்படும். சீட்டைக் கிழித்தலும் அதன்மேல் எழுதுதலும் கூடா. துடைக்கும்போது ஓர் எச்சரிக்கை: மருந்துக்கடையில் விற்கும் ஸ்பிரிட் அரக்கைக் கரைத்துவிடும். நன்மை செய்வதாக எண்ணி அதனால் துடைத்துத் தட்டையே பாழாக்கினவர் உளர். மென்மையான உலர்ந்த துணி போதும். நீள்தட்டை வெய்யிலில் வைத்தால் வளைந்துபோம். எல்லாவற்றையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்காது நூல்களைப்போல நிறுத்திவைக்க. பழைய இரும்பு முள்ளைக் கொண்டு ஒவ்வொன்றாகப் பாடவைத்துப் பார்க்கவும் வேண்டா. முள் ஒருமுறை ஓடினால் வரி ஒருமுறை தேயும். தேய்ந்த முள்ளாயின் கேடு இன்னும் பெரிது. கண்ணால் ஆராய்ந்தது போதும். செவியால் ஆராய்தலைப் பெறுவோர் தக்க கருவிகொண்டு செய்வர். கண்ணப்பர் நாவால் அறிந்ததை ஈண்டுக் கண்ணாலும் கையாலும் அறிதல் அமையும்.

குறிப்பேடு முடிந்தபின் அதன் படியொன்றை, தட்டுகளைக் காக்கும் நிலையத்தார்க்கு அனுப்பி, ‘இவற்றுள் தங்கட்கு வேண்டுவன எவை?’ என்று கேட்க. அவர்களிடம் முன்னரே உள்ள தட்டாயின் வேண்டா என்பர், வருந்தற்க. வேண்டுவோர்க்குக் கொண்டுசேர்க்கும் செலவையும் தாமே ஏற்க. தமக்கு வேண்டாத பொருளைக் கொடுப்பவர் தம் பொருளால் கொடுக்கக்கூடியது அச்செலவும் உழைப்புமே. திரைப்பாட்டுத் தட்டுகளை அற்பமெனத் தள்ளிவிட்டுத் தேவாரத் தட்டுகளை மட்டும் அனுப்பலாமா என்று கடிதத்தின் ஓரிடத்தில் அன்பர் கேட்டுள்ளார். அதனைத் தீர்மானிக்க வேண்டியவர் அவரல்லர், யாமும் அல்லேம். எல்லாவற்றையும் குறிப்பேட்டில் எழுதுக.

இத்தனைக்கும் முன்பு செய்யவேண்டியது ஒன்றுண்டு. அதனை இறுதியில் வைத்தமைக்கு அன்பர் பொறுத்தருள்க. தந்தையாரின் இசைவின்றி ஒரு தட்டும் வெளியே போகலாகாது. வீடு இடிக்கும் நாள் குறித்தாயிற்று என்பது இசைவைக் கடக்கப் போதிய காரணமன்று. இருநூறு தட்டு எடுத்துவைக்க உறவினர் வீட்டில் ஒரு மூலை கிடையாமற் போகாது. அவரிடம் ‘கொடுக்கலாமா’ என்று பலகையில் எழுதிக் கேட்டது முறையான கேள்வியன்று. அதற்கு ஆம், இல்லை என்று இரண்டே விடை. ‘இத்தட்டை எங்கே வாங்கினீர்கள்? யார் பாடியது? எதனால் வாங்கினீர்கள்?’ என்று ஒவ்வொன்றாக எழுதிக் கேட்க. தட்டின் சீட்டில் இல்லாத செய்திகள் அவர் ஒருவரிடமே உள. செல்லரித்த ஏட்டுக்குப் பண்ணடைவு சொன்ன அம்மையார் நிலை அவருக்குரியது. அவர் சொல்வதைக் குறிப்பேட்டில் சேர்த்து எழுதி முடியுமளவில், கொடுப்பதா வைப்பதா என்பதை அவரே சொல்லுவர். அப்போது அது அவருடைய கொடையாகும், அன்பருடையதன்று.

மேற்கண்டவாறு யாம் முன்னரே சுருக்கி எழுதிய விடைக்கு அன்பரிடமிருந்து மறுகடிதம் வந்துள்ளது. எழுபது தட்டுகள் வரை குறிப்பெழுதியாயிற்றாம். மாலை விளக்கேற்றியபின் பெரியவரே மருமகளாரை அழைத்து உட்காரவைத்துச் சொல்லத் தொடங்குகிறாராம். விழுப்புரத்துக் கடையில் கடன்சொல்லி வாங்கியது, திருமணத்தன்று பாடியது, தம் தந்தையார் கேட்டு அழுதது என ஒவ்வொன்றுக்கும் ஒரு வரலாறு உளதாம். நிலையத்தார்க்கு எழுதலாம் என்று அவரே கூறிவிட்டார். விரிசலுற்ற ஒரு தேவாரத் தட்டை மட்டும் எடுத்துத் தம் தலையணைக்கு அருகில் வைத்துக்கொண்டாராம். அது பாடாது, பெறுவோர்க்கும் பயன்படாது, அதனைக் குறிப்பேட்டில் எழுதுவதா என்று அன்பர் கேட்கின்றார். எழுதவேண்டா என்று விடை விடுத்துள்ளோம்.